இடது கீழ் மூலையில் வெளிச்சம்

ஜிக் தட்டில் காய்ந்து கிடந்த சந்தனத்தை யாருக்கும் தெரியாமல் கழுவிவிட்டு, பழியை என் கண் மேல் போட்டது நீதான்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். உன் பெயரை எழுத மாட்டேன். இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. பெயரைப் போட்டால் நீ பெயரைப் போட்டதற்காகச் சண்டை போடுவாய், சந்தனத்தைப் பற்றிப் பேச மாட்டாய். கம்பெனியில் எல்லோரும் கூப்பிட்ட மாதிரி லீடரக்கா என்றே எழுதுகிறேன். என் பெயரும் வேண்டாம். திருத்தணியிலிருந்து அந்தக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு நாம் இரண்டு பேரும் யார் என்று தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குண்டு டிவி போய்த் தட்டை டிவி வர ஆரம்பித்த காலம். சென்னை போகிற நெடுஞ்சாலைப் பக்கம் எல்சிடி திரைகளைப் பூட்டித் தருகிற கம்பெனி ஒன்று வந்தது. பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்தார்கள். கம்பெனி பஸ் பைபாஸில் நிற்கும். திருத்தணியில் நாங்கள் ஏறுவோம், பிறகு கே.ஜி.கண்டிகையில் ஒரு கூட்டம் ஏறும். ஆர்.கே.பேட்டைப் பெண்கள் விடியற்காலை டவுன் பஸ் பிடித்து வந்து எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். எல்லோருக்கும் கான்ட்ராக்ட் வேலை. வருடம் முடிந்தால் புதுப்பிப்பார்கள், இல்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என்னை இருட்டு அறையில் போட்டார்கள்.

அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. லைன் முடிகிற இடத்தில் மூன்று பக்கம் கறுப்புப் பலகை, ஒரு பக்கம் கறுப்புத் திரைத்துணி. உள்ளே ஒரு நாற்காலி. பூட்டி முடித்த திரை ஒவ்வொன்றாக உள்ளே வரும். அதில் முழுக்கக் கறுப்புப் படம் ஓட விடுவார்கள். எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

கறுப்புப் படத்தில் வெளிச்சம் எப்படி வரும் என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். திரை கறுப்பாக இருக்கும்போதும் எரியும். முன்னால் இருக்கும் கண்ணாடித் தகடுதான் அந்த வெளிச்சத்தை வழிமறித்து நிறுத்துகிறது. ஓரத்தில் சந்து இருந்தாலும் கசியும், கண்ணாடி எங்காவது வளைந்து நின்றாலும் கசியும். மூலையில் சாம்பல் பூசினாற்போல ஒரு வெளுப்பு தெரியும். பகலில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவனுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கியவன் சும்மா இருப்பானா?

எனக்கு இது புதிதில்லை. தொண்ணூறுகளில் என் அப்பா டூரிங் கொட்டகையில் கேட்டில் நின்றவர். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பகல் ஆட்டத்தில் யாராவது வெளியே போனால் வாசல் படுதா விலகும், திரையில் வெயில் பட்டு கதாநாயகன் முகம் வெளுத்துவிடும். "யோவ், படுதாவ இழுத்து வுடுய்யா! காசு குட்த்துட்டு வெயிலா பாக்கறது?" என்று மொத்தக் கொட்டகையும் நைனாவைத் திட்டும். அவர் படுதாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படம் முடியும் வரைக்கும் நிற்பார். ஓட்டைகளுக்குக் கோணி வைத்துத் தைப்பார். வெளிச்சம் கசிவதற்கு எத்தனை வழி உண்டு என்று நான் அங்கேயே பார்த்துவிட்டேன்.

இருட்டு அறை வேலையில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். வெளிச்சத்திலிருந்து உள்ளே வந்ததும் உடனே பார்க்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. பக்கத்தில் ஒரு மாதிரித் திரை வைத்திருப்பார்கள். இந்த அளவு கசிந்தால் பரவாயில்லை, இதற்கு மேல் போனால் தள்ளிவிடு என்பதற்கு அதுதான் அளவுகோல். அதோடு ஒப்பிட்டுத்தான் நான் ஒவ்வொன்றையும் பார்த்தேன். என் இஷ்டத்துக்கு ஒன்றையும் தள்ளவில்லை.

முதல் வருடம் பஸ்ஸில் எனக்கு வைத்த பெயர் பூனைக்கண்ணு. டிரைவர் அண்ணன்தான் ஆரம்பித்தார். விடியற்காலை இருட்டில் நான் ரோட்டைக் கடக்கும்போது, "தோ பாரு, பூனைக்கண்ணு வர்துபா. லைட்டு ஆஃப் பண்ணிட்டா கூட சீட்டு கண்டுபுட்ச்சி உக்காரும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

லீடரக்கா அப்போது எங்களில் ஒருத்தி. மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். சுறுசுறுப்பு. மேலே இருப்பவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவள். ஆயுத பூஜைக்கு முன்னால் அவளை லைன் லீடர் ஆக்கினார்கள். அதைக் கொண்டாடத்தான் அந்த வருடம் பூஜையைத் தடபுடலாகச் செய்தாள் என்பது என் சந்தேகம்.

பூஜைக்காக லைனை நிறுத்திக் கழுவினோம். ஜிக் என்பது திரையைக் குப்புறக் கிடத்திப் பின்னாலிருந்து சட்டத்தை முடுக்குவதற்கான தட்டு. நாலு மூலையிலும் ரப்பர் மெத்தை இருக்கும். கண்ணாடி அந்த ரப்பர் மேல்தான் படுத்திருக்கும். கழுவுவதற்காக ரப்பரை எல்லாம் கழற்றி வெயிலில் வைத்தோம். வெறும் தட்டுகள் வரிசையாக நின்றன.

மலைச் சந்தனம் ஒரு எவர்சில்வர் டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் ஊரில் மலைச் சந்தனம் என்றால் மருந்து மாதிரி. நாங்கள் மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஆனாலும் சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்து வீட்டு மாமி அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து நானே குடித்திருக்கிறேன். சந்தனத்தின் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.

மற்ற ஜிக்குகளை ஒரு குங்குமப் பொட்டோடு விட்டாள். லைனில் முதலாவதாக நின்ற ஜிக்குக்கு மட்டும் நாலு மூலையிலும் சந்தனம். ரப்பர் உட்காருகிற குழியிலேயே கட்டை விரலால் அப்பினாள். வலது கீழ் மூலையில் ஒரு பெரிய உருண்டையாக வைத்து, அதில் சாமந்திப் பூவைச் செருகினாள். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் நெற்றியில் வைக்க வந்தாள். நான் கையை நீட்டினேன், கையில் வைத்தாள். அவ்வளவுதான். பிற்பாடு இது எவ்வளவு பெரிய குற்றமாக மாறும் என்று எனக்கு அப்போது தெரியாது.

லீவு முடிந்து வந்ததும் பெருக்குகிற அம்மா ஈரத்துணியோடு ஜிக்குகளைத் துடைக்கப் போனார். லீடரக்கா ஓடி வந்தாள்.

"இன்னாம்மா பண்ற? சாமி சந்தனத்த தொடைப்பியா? அது தானா உதிரணும்."

"காய்ஞ்சி பக்குபக்கா கீதும்மா."

"இருந்துட்டுப் போவட்டும். பூவ மட்டும் எட்த்துட்டுப் போ."

அப்புறம் ரப்பரை அதன் மேலேயே மாட்டிவிட்டார்கள். யார் மாட்டியது என்று எனக்குத் தெரியாது. யார் மாட்டியிருந்தாலும் அது குற்றம் இல்லை. வேறு ஊரில் இது நடந்திருக்காது. எங்கள் ஊரில் மலைச் சந்தனத்தைச் சுரண்டி எறிய யாருக்குக் கை வரும்? இதுவரைக்கும் நடந்தது வெறும் தவறு. தவறுக்காக நான் இதை எழுதவில்லை.

அன்றைக்கே என் அறையில் வெளிச்சம் வர ஆரம்பித்தது.

இடது கீழ் மூலை. சில திரை நன்றாக வரும். பிறகு ஒன்று வெளுத்து வரும். மறுபடி சில நன்றாக வரும். மறுபடி ஒன்று, அதே மூலையில், அதே மாதிரி. நான் தள்ளினேன். தள்ளிய திரைகள் வெளியே அடுக்கடுக்காக நிற்க ஆரம்பித்தன. லீடரக்கா திரைத்துணியை விலக்கிக்கொண்டு வந்தாள். வெளியே குழல் விளக்கு வெளிச்சத்தில் நின்றவள், வந்த வேகத்தில் திரையைப் பார்த்தாள்.

"எங்கமே? ஒண்ணும் தெர்லயே."

"கொஞ்சம் உக்காருக்கா. கண்ணு பழகணும்."

"எனக்கு லைன் ஓடிகினு கீது. உக்காந்துகினு இருக்க நான் இன்னா சினிமாவா பாக்க வந்தேன்?"

போய்விட்டாள். ஒரு தடவைகூட அவள் உட்காரவில்லை. வேண்டுமென்றேதான் உட்காரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். உட்கார்ந்தால் தெரிந்துவிடும் இல்லையா?

எஞ்சினியர் சார் உட்கார்ந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். கண் பழகும்வரை காத்திருந்தார். பிறகு, "ஆங்... தெரியுதுங்க. பனி மாதிரி இருக்குது" என்றார். சட்டத்தின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினார். வெளுப்பு நகர்ந்தது.

"பாத்தீங்களா? சந்து வழியா வர்ற வெளிச்சமா இருந்தா இப்படி நகராது. கண்ணாடி எங்கியோ முறுக்கிகினு நிக்குது. கண்ணாடி முறுக்கினா அது நிறுத்த வேண்டிய வெளிச்சம் அந்த எடத்துல மட்டும் தப்பிச்சி வந்துடும்."

ஆனாலும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரத்துக் கறுப்பு டேப்பை அகலமாக்கினார். ஸ்க்ரூவை முடுக்குகிற வேகத்தைக் குறைத்தார். வெளுப்பு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அப்புறம் ஒருநாள் திரைத்துணிக்கு வெளியே நின்று லீடரக்காவிடம் கேட்டார். நான் உள்ளே இருந்தேன். என் காதால் கேட்டேன்.

"ஒரே ஒரு ஜிக்கால கூட இருக்கலாம். எல்லா ஜிக்கையும் ரப்பரக் கழட்டிப் பாத்தீங்களாங்க?"

"பாத்துட்டேன் சார். எல்லாம் க்ளீனா கீது."

"கழட்டிப் பாத்தீங்களா?"

"கழட்டித்தான் சார் பாத்தேன்."

அவர் நம்பினார். லைன் லீடர் சொன்னால் எஞ்சினியர் நம்பாமல் எப்படி வேலை செய்வார்? டேப் சரியில்லையோ என்று அதைச் செய்கிற இடத்துக்கே பார்க்கப் போய்விட்டார். போகும்போது, "வந்ததும் நானே ஒவ்வொரு ஜிக்கா கழட்டிப் பாக்கறேன். அதுவரைக்கும் இவங்க தள்ளறத தள்ளட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் பஸ் ஏறியதும் ஆட்டம் ஆரம்பித்தது. திரை போதவில்லை என்று மேனேஜர் கத்தினார். லீடரக்கா சொன்ன பதில், "திரை நல்லாத்தான் சார் கீது. அந்தப் பொண்ணுக்குக் கண்ணுதான் சரியில்ல. இல்லாத வெளிச்சத்த பாக்குது."

என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். எழுத்து எல்லாம் படித்தேன். வலது கண் நன்றாக இருக்கிறது, இடது கண்ணில் துளி பவர் இருக்கிறது, கண்ணாடிகூட வேண்டாம் என்றார் டாக்டர். இதை வைத்து லீடரக்கா ஒரு கண்டுபிடிப்பு செய்தாள்.

"எடது கண்ணுல பவர் கீது. அதான் எடது மூலையில வெளிச்சம் தெரியுது."

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் தலையாட்டினார். அவர் படித்தவர்தான். இடது கண் இடது மூலையை மட்டும் பார்க்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அவருக்குத் திரை வேண்டும். என்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு, என் நாற்காலியில் புதிதாக வந்த ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். கண் பழகக் காத்திருக்காதே என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அவள் வந்ததும் எல்லாமே தேறிவிட்டது.

பேக்கிங்கில் அட்டை வாசனையும் டேப் வாசனையும் தவிர வேறு வாசனை கிடையாது. பக்கத்தில் ஒரு கழுவும் தொட்டி. எஞ்சினியர் சார் திரும்பி வருவதற்கு முந்தின நாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஒரு பெட்டியை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். திடீரென்று மூக்கில் சந்தனம்.

திரும்பிப் பார்த்தால் தொட்டியில் லீடரக்கா. ஜிக் தட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையின் ஓரத்தால் மூலையைச் சுரண்டுகிறாள். வாளியில் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கி இருந்தது. சுரண்டிய மூலை, பூ வைத்த மூலை. வலது கீழ் மூலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையைக் குப்புற அல்லவா கிடத்துகிறோம்? ஜிக்கில் வலது என்றால் திரையில் இடது.

"இன்னாக்கா கழுவிகினு கீற?"

"தூசி."

"தூசிக்கு சந்தன வாசனை வருமா?"

"உன் பொட்டியப் பாத்து ஒட்டு போமே."

"அந்த மூலையிலதான பூ வச்ச? ரப்பரு அது மேல ஏறி நின்னுகினு கீது. அதான் கண்ணாடி முறுக்குது. கழட்டிப் பாத்துட்டேன்னு சார்கிட்ட சொன்னியே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் பயம் இருந்தது. அது போய் வேறு ஒன்று வந்தது.

"வாயத் தொற. தொறந்துதான் பாரேன். சாமி சந்தனத்தாலதான் கம்பெனி கெட்டுச்சின்னு கிறிஸ்டின் பொண்ணு சொல்லிகினு திரியுதுன்னு பஸ்ல ஒரு வார்த்த சொன்னா போதும். கே.ஜி.கண்டிகை தாண்டறதுக்குள்ள உன்ன எறக்கி வுட்ருவாங்க. அன்னிக்கு நெத்தியில வச்சிக்காதவதான நீ?"

வாளியைத் தொட்டியில் கவிழ்த்தாள். மஞ்சள் தண்ணீர் சுழன்று ஓட்டைக்குள் போனது. வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். எஞ்சினியர் சார் வந்ததும் நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அன்றைக்கே எல்லா ஜிக்கையும் ரப்பரைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சுத்தம். அன்றிலிருந்து வெளிச்சமும் கசியவில்லை.

"நீங்க சொல்றது நடந்திருக்கும்னுதான் எனக்கும் தோணுதுங்க," என்றார். "ஆனா நான் எத வச்சி சொல்றது? ஜிக்கு சுத்தமா இருக்குது. வாசனைய மேனேஜர்கிட்ட எட்த்துகினு போய்க் காட்ட முடியுங்களா?"

நல்ல மனிதர்தான். ஆனால் அதற்கு மேல் அவர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. தள்ளிய திரைகளைத் திரும்ப இருட்டில் வைத்து மேனேஜரை உட்கார வைத்திருக்கலாம் அல்லவா? ஏன் செய்யவில்லை என்று நான் யோசிக்காத நாள் இல்லை. அவருக்கும் மேனேஜரிடம் ஏதோ பயம் இருந்திருக்கும்.

லீடரக்கா சொன்னபடியே செய்தாள். மறுநாள் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் அண்ணன் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக என் பக்கத்தில் உட்காருகிற பெண் பையைத் தூக்கி என் சீட்டில் வைத்தாள். "ஆள் வர்றாங்க" என்றாள். யாரும் வரவில்லை. அவள் பைதான் கம்பெனி வரைக்கும் அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து ஒருத்தி, "இன்னாமே, மலைச் சந்தனம் உனக்கு எரியுதாமே?" என்றாள்.

"எனக்கு எரியல. நானே குடிச்சிருக்கேன். கண்ணாடிக்குத்தான் ஆவல," என்றேன்.

"எந்தக் கண்ணாடிக்கு? உன் மூக்குக் கண்ணாடிக்கா?" என்றாள் இன்னொருத்தி. பஸ்ஸே சிரித்தது. அன்றைக்குத்தான் பூனைக்கண்ணு போய் பொட்டைக்கண்ணு வந்தது. ஜன்னல் ஓரத்தில் லீடரக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கம்பெனி வரும்வரை தேடினாள்.

கம்பெனி அறிவிப்புப் பலகையில் அவள் படம் வந்தது. ஒளிக்கசிவைக் குறைத்ததற்குப் பாராட்டு. ஸ்க்ரூவை மெதுவாக முடுக்கச் சொன்னாராம், சோதனைக்கு ஆளை மாற்றித் தகுதியானவரைப் போட்டாராம். ஸ்க்ரூவைக் குறைத்தது எஞ்சினியர் சார். மாற்றப்பட்ட ஆள் நான். கசிவே இல்லை, என் கண்தான் கோளாறு என்று சொன்னவளுக்கு, கசிவைக் குறைத்ததற்குப் பாராட்டு! இல்லாத கசிவை எப்படிக் குறைத்தாள்? அந்தப் பலகைக்கு முன்னால் நின்று காபி குடித்த ஒருவருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை.

எனக்குக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. "கண் சம்பந்தமா ரிமார்க் இருக்குதும்மா" என்றார் ஆபீஸில் இருந்தவர். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அரக்கோணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் சபைக்காரர்கள்தான். பிள்ளையின் அம்மா காபியை வாங்கி வைத்துவிட்டு, எதிர்ச்சுவரைக் காட்டினார்.

"அந்தக் காலண்டர்ல கீழ சின்னதா ஒரு வசனம் போட்டுக்குது பாரு. அங்கிருந்தே படிம்மா, கேப்போம்."

நான் அவரைப் பார்த்தேன். நைனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொட்டகையில் ஊரே திட்டியபோது பதில் பேசாத மனிதர், அன்றைக்கு எழுந்து நின்றார்.

"என் பொண்ணு படிக்க மாட்டா. நீங்க காபி குடிச்சிட்டு கெளம்புங்க."

கிளம்பினார்கள். என் கண்ணைப் பற்றி அரக்கோணம் வரைக்கும் யார் போய்ச் சொன்னார்கள்? பஸ்ஸில் வந்த யாரோதான். அந்த வசனத்தை நான் அங்கிருந்தே படித்திருக்க முடியும். ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. படித்துக் காட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல என் கண்ணைப் பார்க்க வந்தவர்களுக்கு நான் ஏன் படித்துக் காட்ட வேண்டும்?

பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, அது வேறு கதை. இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பொடி எழுத்துப் பத்திரங்களை எல்லாம் என்னிடம்தான் கொண்டு வந்து, "இதுல இன்னாம்மா போட்டுக்குது?" என்று கேட்கிறார்கள். ஆனாலும் பழைய கம்பெனி ஆட்கள் கடைக்கு வந்தால் சில்லறையை எண்ணிக் கொடுத்தபின், நான் சரியாகப் பார்த்தேனா என்று ஒருமுறை கவனிக்கிறார்கள். நான் கவனிப்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

நான் சும்மாதான் இருந்தேன். என்னை எழுத வைத்தது, மகளிர் தினத்துக்காக ஊர்க் கல்யாண மண்டபத்தில் வைத்த கூட்டம். பள்ளிக்கூடப் பெண்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் சிறப்பு விருந்தினராக லீடரக்கா. பட்டுப் புடவை, கையில் மைக்.

"எங்கேருந்து வெளிச்சம் கசியுதுன்னு பெரிய பெரிய எஞ்சினியருங்களுக்கே தெரியலம்மா. நான் விடல. ஒவ்வொரு ஜிக்கா கழட்டிப் பாத்தேன். பாத்து, கொறச்சேன். பொம்பளைங்களால முடியும்மா."

பெண்கள் கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் எழுந்து நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். நன்றியுரை ஆரம்பித்தது. நான் கேட்பதற்குள் எல்லோரும் நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றார்கள். எல்லோரும் நிற்கும்போது நான் நிற்பது யாருக்குத் தெரியும்?

அதனால் இங்கே கேட்கிறேன்.

எஞ்சினியர் சார் கேட்ட அன்றைக்கு நீ ரப்பரைக் கழற்றிப் பார்த்தாயா, இல்லையா? பார்த்தாய் என்றால், சந்தனத்தைப் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று பொய் சொன்னாய். பார்க்கவில்லை என்றால், பார்த்தேன் என்று பொய் சொன்னாய். இரண்டில் எது என்று நீதான் சொல்ல வேண்டும். சாமி சந்தனம் என்று பயந்துவிட்டேன், கழுவ மனம் வரவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் யார் உன்னைத் தூக்கில் போட்டிருப்பார்கள்? நானே உன் பக்கம் நின்றிருப்பேன். நீ என் கண்ணை எடுத்து உன் லைனுக்கு முட்டுக் கொடுத்தாய்.

எனக்குக் கம்பெனி வேலை திரும்ப வேண்டாம், அந்தப் பாராட்டும் வேண்டாம். அதே மண்டபம், அதே மேடை, அதே மைக். கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களைக் கூப்பிடு, டிரைவர் அண்ணனையும் கூப்பிடு. அந்தப் பள்ளிக்கூடப் பெண்களையும் உட்கார வை. இடது கீழ் மூலையில் வெளிச்சம் இருந்தது, அவள் பார்த்தது சரி என்று சொல். வாளியில் இருந்தது என்ன என்றும் சொல். மலைக்குப் போய்ச் சாமியிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. சாமிக்கு ஏற்கனவே தெரியும். பஸ்ஸில் வந்தவர்களுக்குத்தான் தெரியாது. அவர்களிடம் சொல்.